வழியில் வரும் தவக்காலம்

கி.பி. 385 வாக்கில், வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற சிற்றூரைச் சேர்ந்த கைம்பெண் மோனிக்கா, மகனைத் தேடிக் கடல் கடந்து இத்தாலியின் மிலான் நகருக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் அவருக்கு ஒரு குழப்பம். அவருடைய ஊர் வழக்கப்படி சனிக்கிழமை நோன்பு நாள்; மிலான் கிறிஸ்தவர்களோ அன்று நோன்பு இருப்பதில்லை. பிறந்த ஊர் வழக்கத்தை விடுவதா, வந்த ஊர் வழக்கத்தை மீறுவதா? அப்போது இன்னும் திருமுழுக்குப் பெறாதிருந்த மகன், தாய்க்காக மிலான் ஆயர் அம்புரோசியாரிடம் போய்க் கேட்டார். தாம் ரோமில் இருந்தால் சனிக்கிழமை நோன்பு இருப்பதாகவும், மிலானில் இருந்தால் இருப்பதில்லை என்றும், எந்த ஊர்த் திருச்சபைக்குப் போனாலும் அந்த ஊர் வழக்கத்தையே கைக்கொள்வது நல்லது என்றும் ஆயர் பதில் சொன்னார். தாய் அதை மனமார ஏற்றுக்கொண்டார். அந்த மகன்தான் பின்னாளில் ஆயரான புனித அகுஸ்தீனார். ஏறத்தாழ 400-ஆம் ஆண்டில் ஜனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தவர், அம்புரோசியாரின் பதிலை நினைக்குந்தோறும் அது விண்ணிலிருந்து வந்த வாக்குப் போலவே தமக்குப் படுவதாகவும் எழுதினார்.

தவக்காலத்தில் பயணம் புறப்படும் கத்தோலிக்கர்களிடம் மோனிக்காவின் குழப்பத்தை இன்றும் காணலாம். திருநீற்றுப் புதனில் தொடங்கிப் புனித சனி வரை 46 நாட்கள்; இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே விழும் இந்தக் காலத்தில்தான் அலுவலகப் பயணங்களும், வெளிநாட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போவதும், புனித வெள்ளி விடுமுறையோடு சனி ஞாயிறைச் சேர்த்து வெளியூர் கிளம்புவதும் நடக்கின்றன. வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்குவது எப்படி, ஞாயிறு திருப்பலிக்கு எங்கே போவது, சிலுவைப்பாதை தவறிப்போகுமே என்ற கவலை ஒருபுறம். ஊரை விட்டுக் கிளம்பியாயிற்று, திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற தளர்வு மறுபுறம். இந்த இரண்டும் ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறப்பவை என்று கருதுகிறேன். தவக்காலம் என்றால் சொந்தப் பங்கில், சொந்த வீட்டில், வழக்கமான முறையில் நடப்பது மட்டுமே என்பதுதான் அந்த எண்ணம். திருச்சபையின் வரலாறும் சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. பயணத்தில் விசுவாசத்தைக் காப்பவர் வீட்டுப் பழக்கங்கள் அத்தனையையும் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கும் திருச்சபையோடு சேர்ந்துகொண்டால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போது அது வீட்டில் இருப்பதைவிடக் கடினமானது என்பதும் உண்மை.

விவிலியத்திலிருந்தே தொடங்கலாம். எண்ணிக்கை நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் சிலர் மோசேயிடம் முறையிட வருகிறார்கள். பிணத்தைத் தொட்டதால் தீட்டுப்பட்டுவிட்டோம், அதற்காகப் பாஸ்காவைக் கொண்டாடும் உரிமையை நாங்கள் இழக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஆண்டவரிடமிருந்து வரும் பதில், கேட்கப்பட்ட கேள்வியைத் தாண்டிப் போகிறது. தீட்டுப்பட்டவர்களும், தொலைதூரப் பயணத்தில் இருப்பவர்களும், அடுத்த மாதம் பதினான்காம் நாள் பாஸ்காவைக் கொண்டாடலாம் என்கிறது அது. பயணிகளைப் பற்றி அங்கே யாரும் கேட்கவே இல்லை. பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் திரிந்துகொண்டிருந்த மக்களுக்கு, என்றோ ஒருநாள் பயணம் போகப் போகிறவனையும் முன்னெண்ணி விதி வகுக்கப்பட்டது. அதே பகுதி, அடுத்த வரியிலேயே கடுமையாகவும் பேசுகிறது: தீட்டும் இல்லாமல், பயணத்திலும் இல்லாமல் பாஸ்காவைத் தவிர்ப்பவன் தன் மக்களிடமிருந்து அகற்றப்படுவான். உண்மையான பயணிக்கு வழி உண்டு. பயணத்தைச் சாக்காக்குகிறவனுக்கு வழி இல்லை. முதல் பாஸ்காவே இடைக்கச்சை கட்டி, காலில் மிதியடியும் கையில் கோலுமாக, விரைந்து உண்ணப்பட்ட உணவு என்கிறது விடுதலைப் பயண நூல். தவக்காலத்தின் நாற்பது என்ற எண்ணும் நடையோடு தொடர்புடையது. இஸ்ரயேல் மக்கள் பாலைநிலத்தில் கழித்த நாற்பது ஆண்டுகள், எலியா ஓரேபு மலை நோக்கி நடந்த நாற்பது நாட்கள், இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்த நாற்பது நாட்கள் என்று அது நீள்கிறது. எல்லாமே ஊருக்கு வெளியே நடந்தவை.

பயணத்தில் தவக்காலத்தைக் கழித்தவர் விட்டுச்சென்ற மிகப் பழைய விரிவான பதிவு எஜேரியா என்ற பெண்ணுடையது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில், 381-க்கும் 384-க்கும் இடையில் என்று அறிஞர்கள் கருதும் ஆண்டுகளில், ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலிருந்து எருசலேமுக்குப் போன அவர், தாம் கண்டதையெல்லாம் ஊரிலிருந்த சகோதரிகளுக்கு எழுதினார். முன்னும் பின்னும் சிதைந்த அந்தக் கையெழுத்துப்படி 1884-ல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் கிடைத்தது. அவர் ஊரில் இருந்த முறைக்கும் எருசலேம் முறைக்கும் நிறைய வேறுபாடு. எருசலேமில் சனியும் ஞாயிறும் நோன்பு இல்லை என்பதால் தவக்காலம் எட்டு வாரம் நீண்டது. ஞாயிறன்று உண்டால் மறுபடி சனிக்கிழமைதான் உண்பவர்கள் சிலர். இடையில் ஒருநாள் உண்பவர்கள் சிலர். அன்றாடம் மாலையில் ஒருவேளை உண்பவர்கள் சிலர். ரொட்டியும் எண்ணெயும் மரத்தின் கனிகளும் விலக்கி, நீரும் சிறிது மாவுக்கூழுமே அவர்கள் உணவு. இதை எழுதிவிட்டு எஜேரியா ஒன்றைக் குறிப்பிடுகிறார். யார் எவ்வளவு செய்ய வேண்டும் என்று அங்கே எவரும் வற்புறுத்துவதில்லை. முடிந்ததை அவரவர் செய்கிறார்கள். அதிகம் செய்தவருக்குப் புகழ்ச்சியும் இல்லை, குறைவாகச் செய்தவருக்கு இகழ்ச்சியும் இல்லை. உலகின் பல மூலைகளிலிருந்து பயணிகள் வந்து கூடிய நகரத்தில்தான் இந்தப் பெருந்தன்மை வளர்ந்திருக்கிறது. பல ஊர்ப் பழக்கங்களோடு வந்தவர்களை ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்பதை எருசலேம் தன் அனுபவத்தில் கற்றிருக்க வேண்டும்.

பெரிய வியாழன் இரவைப் பற்றி அவர் எழுதுவதும் கவனிக்கத் தக்கது. ஒலிவ மலையிலிருந்து கெத்சமனி வழியாக மக்கள் நகருக்குள் இறங்கி வருகிறார்கள். இரவெல்லாம் விழித்தும் நாள்தோறும் நோன்பிருந்தும் தளர்ந்துபோன கூட்டம் அது. சிறு குழந்தைகளும் உண்டு. ஆகவே ஆயர் அவர்களோடு மெல்ல மெல்ல நடக்கிறார். வழிபாடுகளில் ஆயர் கிரேக்கத்தில் மட்டுமே பேசுவார். பக்கத்தில் நிற்கும் குரு அதைச் சிரியாக் மொழியில் சொல்வார். இலத்தீன் மட்டுமே தெரிந்தவர்களுக்கு, இரண்டு மொழியும் அறிந்த சகோதரர்களும் சகோதரிகளும் விளக்கிச் சொல்வார்கள். எஜேரியாவின் எழுத்தில் வேடிக்கை பார்க்க வந்தவரின் ஆவலும் வழிபட வந்தவரின் உருக்கமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. சொந்த ஊர்த் தவக்காலத்தைத் தவறவிட்டோமே என்று அவர் எங்கும் வருந்துவதில்லை. இங்கே இப்படிச் செய்கிறார்கள், நானும் செய்தேன் என்பதுதான் அவர் தொனி.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்குநூலில் 49-ஆம் அதிகாரம் தவக்காலத்தைப் பற்றியது. அதற்கு அடுத்த அதிகாரமே தொலைவில் வேலை செய்பவர்களையும் பயணத்தில் இருப்பவர்களையும் பற்றியது. சிற்றாலயத்துக்கு வர முடியாதவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே மண்டியிட்டுச் செபிக்கட்டும். வழியில் இருப்பவர்கள் குறித்த வேளைகளைக் கைவிடாமல் இயன்ற அளவில் நிறைவேற்றட்டும் என்கிறது அது. வேளை மாறக்கூடாது, முறை சுருங்கலாம். பயணிக்குத் தேவையான பகுத்தறிவு முழுவதும் இந்தச் சிறிய அதிகாரத்துக்குள் இருக்கிறது.

இன்று நடைமுறையில் உள்ள சட்டம் என்ன சொல்கிறது? 1983-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்புப்படி, இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கருக்குத் தவக்காலத்தின் பொதுக் கடமைகள் சிலவே. திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். அதாவது, ஒரே ஒரு முழு உணவு. அந்த இரு நாட்களிலும், தவக்காலத்தின் மற்ற வெள்ளிகளிலும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கு. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு, அறுபதாம் வயது தொடங்கும் வரை. இதன் அடித்தளம் 1966-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் தவமுயற்சிகள் பற்றிப் பிறப்பித்த ஆணை. ஞாயிறு திருப்பலிக் கடமை ஆண்டு முழுவதற்கும் பொது; கத்தோலிக்க வழிபாட்டு முறை எதுவாயினும், எந்த ஊராயினும், ஞாயிறன்றோ அதற்கு முந்தின மாலையிலோ பங்கேற்றால் கடமை நிறைவேறும். நம் ஊரில் பலர் கடமை என்று நினைத்துக் கவலைப்படும் மற்றவை, வெள்ளிதோறும் பங்கு ஆலயத்தில் சிலுவைப்பாதை, நாற்பது நாளும் இறைச்சியைத் தொடாமை, காவி உடை, பூச்சூடாமை போன்றவை, பக்தி மரபுகள். அவற்றுக்கு மதிப்பு உண்டு. நம் முன்னோர் அவற்றால் வளர்ந்தார்கள். ஆனால் அவை பயணியின் தோளில் ஏற்றப்பட்ட சட்டச் சுமை அல்ல.

அதே தொகுப்பு பயணியைத் தனி வகையினராகவே பார்க்கிறது. சொந்த வசிப்பிடத்துக்கு வெளியே இருப்பவரை, அவருடைய ஊருக்கென்று உள்ள தனிச் சட்டங்கள் பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை; போன ஊரின் தனிச் சட்டங்களிலும் பொது ஒழுங்கு போன்ற சிலவே கட்டுப்படுத்தும். திருச்சபை முழுவதற்கும் பொதுவான சட்டமோ எங்கும் அவரோடு வருகிறது. ஒரு மறைமாவட்ட ஆயர் விதிவிலக்கு அளித்தால், அங்கே அன்று தங்கியிருக்கும் வெளியூர்க்காரருக்கும் அது பொருந்தலாம். 2023-ல் புனித பேட்ரிக் திருநாளான மார்ச் 17 தவக்கால வெள்ளியில் விழுந்தபோது, அமெரிக்காவின் பல மறைமாவட்டங்கள் அன்று இறைச்சி விலக்கிலிருந்து விடுவித்தன, சில விடுவிக்கவில்லை. விடுவித்த ஆயர்களில் பலர் வேறொரு தவமுயற்சியைச் செய்யச் சொன்னார்கள். ஞாயிறு திருப்பலிக்குக் குருவே இல்லாத இடத்தில் இருப்பவருக்குக் கடமை தளர்கிறது. தனியாகவோ குடும்பமாகவோ செபிக்கும்படி சட்டம் பரிந்துரைக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் பங்குத்தந்தையே தனிப்பட்டவருக்கு விலக்கு அளிக்கலாம், அல்லது ஒரு தவமுயற்சிக்குப் பதில் இன்னொன்றைக் குறிக்கலாம். பயணத்துக்கு முன் பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகும் பழைய பழக்கம் இதனால்தான் அறிவுள்ளது.

இந்த இடத்தில் ஒரு தடை எழும். ஊருக்கு ஊர் வழக்கம் மாறட்டும், தவக்காலம் என்ற காலமாவது எல்லோருக்கும் ஒன்றுதானே, அதைப் பிடித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அதுவும் முழு உண்மை இல்லை. மிலான் மறைமாவட்டத்தில் இன்றும் வழங்கும் அம்புரோசிய வழிபாட்டு முறையில் தவக்காலம் புதன்கிழமை தொடங்குவதில்லை. அடுத்து வரும் ஞாயிறன்றுதான் தொடங்குகிறது. தவக்கால வெள்ளிகளில் அங்கே திருப்பலியே கிடையாது. வெள்ளிதோறும் திருப்பலி காணும் வழக்கமுள்ள தமிழர், அந்த நகரில் ஆலயம் தேடிப் போனால் சிலுவைப்பாதையைக் காணலாம், திருப்பலியைக் காண முடியாது. அவ்வளவு தூரம் போவானேன்? எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனால், சீரோ மலபார் கத்தோலிக்கர் விபூதித் திங்களன்றே நோன்பைத் தொடங்கி ஐம்பது நோன்பு என்று கணக்கிடுகிறார்கள். கிரேக்க நாட்டில் வாழும் கத்தோலிக்கர், அங்கே பெரும்பான்மையரான ஆர்த்தடாக்ஸ் மக்களோடு சேர்ந்து அவர்கள் நாள்காட்டிப்படி உயிர்ப்பு விழா கொண்டாடுகிறார்கள். 2024-ல் நமக்கு மார்ச் 31-ல் வந்த விழா, அவர்களுக்கு மே 5-ல் வந்தது. 2025-ல் இரண்டும் ஏப்ரல் 20-ல் ஒன்றாயின. ஆகவே தேதியைக்கூடப் பயணி தன்னுடையது என்று இறுகப் பிடிக்க முடியாத இடங்கள் உண்டு. அகுஸ்தீனார் அதே கடிதத்தில் இந்தச் சிக்கலை அவிழ்க்க முயல்கிறார். ஆண்டவரின் பாடுகளும் உயிர்ப்பும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுவது போன்றவை உலகெங்கும் பொது. எந்த நாளில் நோன்பு, எத்தனை முறை நற்கருணை என்பவை இடத்துக்கு இடம் மாறுபவை என்று பிரிக்கிறார். பாடுகளையும் உயிர்ப்பையும் நோக்கி மனம் திரும்புவது பொது. அந்தத் திரும்புதலுக்கு ஒவ்வொரு திருச்சபையும் போட்டுத் தந்த பாதை வேறு. பயணி அந்தந்த ஊர்ப் பாதையில் நடக்கலாம். மலபார் ஆலயத்தில் பங்கேற்ற ஞாயிறு திருப்பலியும் நிறைவான திருப்பலியே.

இதைவிட வலிமையான மறுப்பு ஒன்று உண்டு, அதைக் கூசாமல் எதிர்கொள்ள வேண்டும். இப்படியெல்லாம் சொன்னால் தவம் நீர்த்துப்போகாதா? போகும் ஊரெல்லாம் வசதியான விதியைத் தேடிப் பிடிக்கிறவர்களுக்கு இது வழி திறந்துவிடாதா? திறந்துவிடும் ஆபத்து இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் நேராக இந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறார். பயணத்தை எளிதாகத் தள்ளிவைக்க முடியுமா, ஒருநாளில் கடக்கும் தூரத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கச் சொல்கிறார். முடியுமானால் நோன்பை விடக்கூடாது. உடனே போயாக வேண்டும், நெடுந்தூரம் நடந்தாக வேண்டும், அதோடு நோன்பையும் காக்க இயலாது என்ற நிலையில் மட்டுமே கடமை நீங்குகிறது. அப்போதும் மேலோரின் இசைவைக் கேட்பது முறை. இந்த அளவுகோலை இன்றைக்குப் பொருத்திப் பார்த்தால், தளர்வு யாருக்காக இருக்கிறது என்பது தெளிவாகும். இரவு முழுதும் லாரி ஓட்டுகிறவர், நோயுற்ற தாயைப் பார்க்க ஓடுகிறவர், கொடுத்ததை உண்ண வேண்டிய நிலையில் வேலை செய்கிறவர் ஆகியோருக்காக அது இருக்கிறது. புனித வாரத்தைத் தேர்ந்தெடுத்து உல்லாசப் பயணம் வைத்துக்கொண்டு, பயணி என்பதால் எனக்கு விலக்கு என்று சொல்கிறவருக்காக அன்று. நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தம் கையில் இருப்பவர், அந்த உரிமையைப் பெரிய வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரையிலான நாட்களுக்காகப் பயன்படுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் கடுமை எதுவும் இல்லை. இஸ்லாம் பயணிக்கு ரமலான் நோன்பைத் தளர்த்தி, விடுபட்ட நாட்களைப் பின்னர் ஈடுசெய்யச் சொல்கிறது. கத்தோலிக்கச் சட்டத்தில் அத்தகைய பொது ஈடு கிடையாது என்பதாலேயே, விலக்கு பெற்றவர் தாமாக வேறொரு நாளை, வேறொரு ஈகத்தைத் தேர்ந்துகொள்வது மனச்சான்றுக்கு உகந்தது.

எழுத்துப்படி கடமையைக் கழிப்பதிலும் ஓர் ஏமாற்று உண்டு. தமிழ்நாட்டுக்குள் பயணம் செய்பவருக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்குவது சற்றும் கடினம் இல்லை. எந்தப் பேருந்து நிலையத்தின் எதிரிலும் சைவ ஓட்டல் இருக்கிறது. நெய் வழியும் விருந்துச் சாப்பாட்டை அங்கே முடித்துவிட்டுச் சுத்தபோசனம் காத்தேன் என்று சொன்னால் சட்டப்படி சரிதான். ஆனால் ஒறுத்தல் எங்கே? மறுபுறம், எளிய வீட்டில் விருந்தாளியாகத் தங்கிய இடத்தில், தெரியாமல் சமைத்துவிட்ட உணவை ஒதுக்கி அவர்களைக் குற்றவுணர்வில் தள்ளுவதும் தவம் ஆகாது. அகுஸ்தீனார் வருந்தி எழுதுவது இத்தகைய பிடிவாதத்தைப் பற்றித்தான். தன் ஊரில் செய்வதைத் தவிர வேறெதுவும் சரியல்ல என்று நினைத்து எளியோரைக் கலங்கவைப்பவர்கள் ஒருவகை. தொலைதூரம் போய்வந்ததாலேயே தான் அதிகம் அறிந்துவிட்டதாக எண்ணி, அங்கே கண்டதை இங்கே புகுத்துபவர்கள் மறுவகை. இருவரையும் அவர் ஒரே வரிசையில் நிறுத்துகிறார்.

பயணம் தவக்காலத்தை வேடிக்கையாக்கிவிடும் என்ற கவலைதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. ஸ்பெயினின் செவில் நகரில் குருத்து ஞாயிறு தொடங்கிப் பக்தசபைகள் கனமான திருவுருவப் பீடங்களைச் சுமந்து தெருவில் வருகின்றன. குவாத்தமாலாவின் அன்டிகுவாவில் வண்ணம் தோய்த்த மரத்தூளால் தெருக்களில் கம்பளம் வரைகிறார்கள், பவனி அதன்மேல் நடந்து செல்கிறது. இவற்றைக் காணச் சுற்றுலாப் பயணிகள் குவிகிறார்கள். அவர்களில் கத்தோலிக்கர் பலர், கைப்பேசியில் படம் எடுப்பதோடு தம் புனித வாரத்தை முடித்துக்கொள்கிறார்கள். இறைச்சி உண்ணாமல் இருந்தாலும், பிறருடைய செபத்தை வெறும் காட்சியாகப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் எதையோ இழந்திருக்கிறார். அறையில் அமர்ந்து சொந்தப் பங்கின் திருப்பலியை இணையத்தில் பார்ப்பதும் இதற்கு மாற்று ஆகாது. 2020-ஆம் ஆண்டு ஆலயங்கள் மூடப்பட்ட தவக்காலத்தில் அந்தத் திரைகள் ஆறுதல் தந்தன. நோயாளிக்கு இன்றும் தருகின்றன. ஆனால் நடந்துபோகும் தொலைவில் திறந்த ஆலயம் இருக்கையில் திரையைத் தேர்ந்துகொள்வது, சென்ற ஊரில் இருந்துகொண்டே அந்த ஊருக்கு வராமல் இருப்பதாகும். மொழி புரியாது என்ற காரணம் செல்லாது. திருப்பலியின் அமைப்பு எந்த மொழியிலும் அடையாளம் காணத்தக்கது. அன்றைய வாசகங்களைத் தமிழில் முன்கூட்டியே படித்துக்கொண்டு போகலாம். புனித வெள்ளியன்று சிலுவையை முத்தமிட வரிசையில் நிற்பதற்கு மொழியே வேண்டாம்.

ஆலயமே எட்டாத பயணிகள் உண்டு, அவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்துக் கத்தோலிக்க மீனவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குபவர்கள். தவக்காலத்தின் எத்தனையோ ஞாயிறுகள் அவர்களுக்கு விசைப்படகில் கழிகின்றன. சரக்குக் கப்பல்களில் மாதக்கணக்கில் இருக்கும் மாலுமிகளுக்கும் இதே நிலை. இவர்களுக்காகவே 1920-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய கடல் திருத்தூதுப் பணி, இன்று ஸ்டெல்லா மாரிஸ் என்ற பெயரில் பல நாட்டுத் துறைமுகங்களில் இயங்குகிறது. கப்பல் கரை தொட்ட சில மணி நேரத்துக்குள் குரு மேலேறித் திருப்பலி நிறைவேற்றுவது அதன் பணிகளில் ஒன்று. 1951-ல் அமெரிக்காவின் போஸ்டன் விமான நிலையத்தில் வான்வழி அன்னைக்கு எழுப்பிய சிற்றாலயமும் முதலில் அங்கே முறைவேலை செய்த தொழிலாளர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டதே. தளர்வுகளும் ஏற்பாடுகளும் உழைப்பாளியை முன்னிட்டே பிறந்தன என்பதற்கு இவையும் சான்று. நடுக்கடலில் இருப்பவரிடம் திருச்சபை கேட்பது குறைவு. அந்தக் குறைந்ததில், நாள் இன்னதென்று மறக்காமல் இருப்பதும், வலையை இழுத்து முடித்தபின் சேர்ந்து சொல்லும் ஒரு செபமாலையும் அடங்கும்.

பயணமே தவக்கால வழிபாடாக மாறுவதற்கு நம் கடலிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் நெடுந்தீவுக்கும் இடையே, மக்கள் குடியிருப்பில்லாத, குடிநீர் இல்லாத கச்சத்தீவில் புனித அந்தோணியார் ஆலயத் திருவிழா பெரும்பாலும் தவக்காலத்துக்குள் வருகிறது. 2023-ல் மார்ச் 3, 4. 2025-ல் மார்ச் 14, 15. இரண்டு ஆண்டிலும் தொடக்க நாள் வெள்ளிக்கிழமை. கொடியேற்றத்துக்குப் பின் தீவில் சிலுவைப்பாதை நடக்கும், இரவு தேர்ப்பவனி, மறுநாள் காலை திருவிழாத் திருப்பலி. 1974-ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தம், இந்தியத் திருப்பயணிகள் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் அங்கே போய்வர இடம் தந்தது. சிலுவைப்பாதை என்ற பக்திமுயற்சியின் வரலாற்றை நினைத்தால் இது இன்னும் பொருள்படும். எருசலேமுக்குப் போக முடியாதவர்கள் தம் ஊரிலேயே அந்த வழியை நடக்க உருவான வழிபாடு அது. பிரான்சிஸ்கன் துறவிகள் அதைப் பரப்பினார்கள், 1731-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் நிலைகளைப் பதினான்காக உறுதிசெய்தார். பயணம் போக முடியாதவர்க்காகப் பிறந்த வழிபாட்டை, இருகரை மீனவரும் பயணம் போய்ச் சேர்ந்து நடக்கிறார்கள். யாழ்ப்பாண மறைமாவட்டக் குருவும் ராமேஸ்வரத்துக் குருவும் ஒரே பீடத்தில் நிற்கிறார்கள். யார் யாருடைய ஊர் வழக்கத்தைப் பின்பற்றுவது என்ற கேள்வி எழவே இடமில்லாத தீவு அது.

பயணியின் கடமையைப் பற்றி இவ்வளவு பேசியபின், அவரை வரவேற்கும் ஊரின் கடமையைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சென்ற இடத்துத் திருச்சபையோடு சேர்ந்துகொள் என்று பயணிக்குச் சொன்னால், அந்தத் திருச்சபை கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வளைகுடா நாடுகளின் ஆலயங்கள் இதை நன்கு செய்கின்றன. வெள்ளிக்கிழமையே வார விடுமுறையாக இருந்த நாடுகளில், ஞாயிறு வழிபாட்டை வெள்ளியிலும் நடத்தி வேலைக்காரர்களுக்கு வழிசெய்தார்கள். துபாயில் மலையாளம், தமிழ், கொங்கணி, டகாலோக் என்று பல மொழிகளில் திருப்பலி நடக்கிறது. அங்கே வாழும் நம்மவர்க்குக் கிடைத்த அந்த விருந்தோம்பல் இங்கே நம்மிடம் வந்திருப்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் திருப்பூருக்கும் சென்னைக்கும் கோவைக்கும் வந்து தறியிலும் கட்டடத்திலும் உழைப்பவர்களில், உராவோன், முண்டா, கரியா பழங்குடிக் கத்தோலிக்கர்கள் உண்டு. தவக்காலம் அவர்களுக்கும் வழியில்தான் வருகிறது. சில பங்குகளில் அவர்களுக்காக இந்தித் திருப்பலி நடக்கிறது; பல பங்குகளில் அவர்கள் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போகிறார்கள். எருசலேமில் நான்காம் நூற்றாண்டிலேயே ஆயரின் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர் நின்றார். புனித வெள்ளியன்று பாடுகளின் வாசகத்தில் ஒரு பகுதியையாவது இந்தியிலோ அவர்கள் பேசும் சாத்ரி மொழியிலோ வாசிக்க அவர்களில் ஒருவரை அழைக்கலாம். புனித வார வழிபாட்டு நேரங்களை இந்தியில் எழுதி, ஆலய வாசலோடு நிறுத்தாமல் அவர்கள் தங்கும் விடுதிச் சுவரிலும் ஒட்டலாம். இரவு முறை முடித்து வருகிறவர்களுக்காகப் பெரிய வியாழன் திருப்பலி நேரத்தை மாற்ற முடியாவிட்டாலும், நள்ளிரவு வரை நடக்கும் நற்கருணை ஆராதனையில் அவர்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அடுத்த திருநீற்றுப் புதனுக்கு முன் பங்குப் பேரவைகள் கூடும்போது இதை முதல் பொருளாக எடுத்துப் பேசட்டும்.